ஊது உலைக்குள் ஹைட்ரஜன்

நேயர்களுக்கு வணக்கம். ஊது உலை வழியாக ஒரு டன் எஃகு தயாரித்தால் ஏறக்குறைய இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. சரக்கைவிடப் புகையின் எடை அதிகம்!

உலையின் உச்சியில் இரும்புத் தாதையும், நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டுப் பெறும் கல்கரியையும் (கோக்) அடுக்கடுக்காகக் கொட்டுகிறார்கள். அடியில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றிய காற்றைக் குழல்கள் வழியே ஊதுகிறார்கள். கல்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடாக மேலேறி, தாதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு போகிறது.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனைப் பறிக்கும். வெளியே வருவது வெறும் நீராவி. அப்புறம் என்ன, அதையே ஊதலாமே? ஊதிப் பார்த்துவிட்டார்கள். 2019 நவம்பரில் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில், 28 குழல்கள் உள்ள உலையில் ஒரே ஒரு குழல் வழியாகத் தொடங்கினார்கள். 2023 ஏப்ரலில் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் தன் ‘இ’ உலையில் சோதித்தது. டன்னுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை உமிழ்வு குறையலாம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.

அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஹைட்ரஜன் தாதோடு வினைபுரியும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதிகம் செலுத்தினால் உலையே குளிர்ந்துவிடும். அதனால் ஜப்பானின் கிமிட்சுவில் நிப்பான் ஸ்டீல் ஹைட்ரஜனைச் சூடாக்கிச் செலுத்தியது. 2024-இல் 43 சதவீதக் குறைப்பை எட்டியதாக அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால் அந்தச் சோதனை உலையின் கொள்ளளவு 12 கனமீட்டர். ஆலைகளில் உள்ள பெரிய உலைகள் நாலாயிரம், ஐயாயிரம் கனமீட்டர்.

இன்னொரு சிக்கல் கல்கரியே. உலையின் அடிப்பகுதியில் தாது, சுண்ணாம்புக்கல் எல்லாம் உருகிவிடும். உருகாமல் நின்று மேலே உள்ள பாரத்தைத் தாங்குவது கல்கரி மட்டும்தான். அதன் இடுக்குகளில்தான் வாயு ஏறுகிறது, இரும்பு இறங்குகிறது. எந்த வாயுவாலும் அப்படி முட்டுக்கொடுத்துத் தாங்க முடியாது. ஆகவே ஊது உலையில் கார்பனைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

அப்படியானால் உலையையே மூடலாமா? பிரிட்டனின் போர்ட் டால்போட்டில் 2024 செப்டம்பரில் கடைசி ஊது உலையை மூடிவிட்டு, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைக்கு மாறுகிறார்கள். அங்கே பழைய இரும்பு நிறையச் சேர்கிறது. இந்தியாவில் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. புதிய ஊது உலைகளும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உள்சுவர் கட்டி மூட்டிய உலை பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடும். ஹைட்ரஜன் குழாய்க்கான இடத்தை இப்போதே வரைபடத்தில் ஒதுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.