துடிக்கும் குழாய்: கடற்புழுவின் இதயமும் தசையும்

நண்பர்களே, இதயம் என்றதும் நமக்கு நான்கு அறைகளும் வால்வுகளும்தான் நினைவுக்கு வரும். கடற்புழுவிடம் அவற்றைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் அதற்கு ரத்தம் ஓடுகிறது, துடிப்பும் இருக்கிறது.

ஐரோப்பியக் கடலோரங்களில் வாழும் பிளாட்டினெரிஸ் டுமெரிலி என்ற புழுவைப் பாருங்கள். இளம் புழுவின் உடல் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால், முதுகு நெடுகிலும் ஒரு சிவப்புக் குழாய் தெரியும். பின்பக்கம் தொடங்கும் சுருக்கம் அலை அலையாகத் தலையை நோக்கி ஏறும். இந்தக் குழாய்தான் அதன் இதயம்.

இதன் சுவரைத்தான் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நம் ரத்தக்குழாய்களுக்கு உள்பக்கம் எண்டோதீலியம் என்ற செல் அடுக்கு உண்டு. இந்தப் புழுவுக்கு அது கிடையாது. உடற்குழியை, அதாவது குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைப் போர்த்திய செல்களின் அடிச்சவ்வுகளுக்கு (செல்கள் அமர்ந்திருக்கும் மெல்லிய படலங்களுக்கு) நடுவே உள்ள இடைவெளியில்தான் ரத்தம் ஓடுகிறது. அந்தச் செல்களின் அடிப்பகுதியிலேயே தசை இழைகள் இருக்கின்றன. ஒரே செல் சுவராகவும் இருந்து சுருங்கவும் செய்கிறது! இதயம் உருவாக முதல் தேவை, ரத்தத்தை ஒட்டி நிற்கும் ஒரு தசைச் செல் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்படமும் எனக்குக் காட்டியதில்லை. மணலில் வளை தோண்டி வாழும் அரெனிக்கோலா என்ற இன்னொரு கடற்புழு ஒரு படி மேலே போய், இரைப்பைக்கு அருகே ஒரு ஜோடி இதயங்களையே வைத்திருக்கிறது.

சரி, இதற்கும் நமக்கும் என்ன உறவு? பழ ஈயில் டின்மேன் என்றொரு மரபணு உண்டு. அது பழுதானால் ஈக்கு இதயமே உருவாகாது என்று 1993-இல் தெரிந்தது. அதன் உறவு மரபணுவில் கோளாறு இருந்தால் மனிதர்களுக்குப் பிறவி இதய நோய் வரலாம் என்பது 1998-இல் தெரிந்தது. 2008-இல் வந்த ஆய்வு, பிளாட்டினெரிஸின் முதுகுக் குழாய்த் தசையிலும் அதே குடும்ப மரபணு வேலை செய்வதைக் காட்டியது.

தசை வளர்ச்சியில்தான் புழு நம்மை விட்டு வெகுதூரம் விலகிப் போகிறது. 25 வயது மனிதரின் இதயத் தசைச் செல்களில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் புதுப்பிக்கப்படுகிறது என்று 2009-இல் ஸ்வீடனில் கணக்கிட்டார்கள். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகவே நின்றுவிடுவது இதனால்தான். புழுவுக்கோ வால்முனைக்குச் சற்று முன்னால் ஒரு வளர்ச்சி மண்டலம் இருக்கிறது. அது புதுப்புது உடல் வளையங்களைச் சேர்த்துக்கொண்டே போகும். வாலை வெட்டினாலும் காயத்தை ஒட்டிய வளையத்தின் செல்கள் பெருகி, தசையும் குழாயுமாகத் திரும்ப வளர்த்துவிடும்.

அப்புறம் இனப்பெருக்கப் பருவம் வருகிறது. நிலவொளிச் சுழற்சிக்கு ஏற்பப் புழு முதிர்கிறது. ஊர்வதற்கான உடல் தசைகள் வேகமாக நீந்துவதற்கேற்ப மாறுகின்றன, குடல் சுருங்குகிறது. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைந்ததும் வாலை மீண்டும் வளர்க்கும் திறன் போய்விடுகிறது. முட்டையையும் விந்தையும் கடல்நீரில் விட்டபின் புழு இறந்துவிடுகிறது.