செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி: மருந்தடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

(காட்சி: குடியிருப்பு வளாகத்தின் செம்பருத்தி வேலி, நுனித்தளிர் அண்மையில்)

செம்பருத்தியின் நுனித்தளிர் சுருண்டு, கணுக்களில் வெள்ளை மாவு அப்பியதுபோல் தெரிந்தால், அது மாவுப்பூச்சியின் வேலை. கீழ் இலைகளில் கரிபோல் படிந்திருப்பது, அப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவின்மேல் வளரும் பூஞ்சை. அந்த இனிப்புக்காகவே எறும்புகள் மாவுப்பூச்சியின் எதிரிகளை விரட்டிக் காவல் நிற்கின்றன.

வளாகத் தோட்டங்களில் பூச்சி இருக்கிறதா என்றுகூடப் பாராமல், மாதந்தோறும் வேலி முழுவதும் மருந்தடிக்கும் வழக்கம் உண்டு. மாவுப்பூச்சியின் உடலையும் முட்டைப்பையையும் மூடியிருக்கும் மெழுகில் மருந்துநீர் சரியாக ஒட்டுவதில்லை. வெளியே திரியும் அதன் எதிரிகளான, அதைத் தின்னும் பொறிவண்டும் அதன் உடலுக்குள் முட்டையிட்டு அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியும்தான் முதலில் மடிகின்றன.

(காட்சி: பப்பாளித் தோட்டம்)

2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எனத் தாவிச் செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. மெக்சிகோ பகுதியைத் தாயகமாகக் கொண்ட அதற்கு இங்கே தகுந்த எதிரி இல்லாததால், 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி வரவழைக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தோட்டங்களில் விடப்பட்ட அக்குளவி பெருகிய பின்னரே பூச்சி அடங்கியது.

(காட்சி: கணுவில் ஊரும் வெள்ளைப் புழு, மிக அண்மையில்)

இந்தப் புழுவைக் கவனியுங்கள். பெரிய மாவுப்பூச்சிபோலத் தோன்றினாலும், இது 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் இதன் இரை. உடலில் நீண்ட மெழுகுத் திரிகள் தொங்க, ஈர்க்கால் தொட்டதும் சுறுசுறுப்பாக ஓடும்; மாவுப்பூச்சியோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். தோட்டப் பணியாளருக்கு இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது, புதிய மருந்து வாங்கித் தருவதைவிடப் பயனுள்ளது என்பது எங்கள் கருத்து. இப்புழு தென்படும் கிளையில் எதையும் தெளிக்க வேண்டாம்.

(காட்சி: கவாத்துக் கத்தரி, தெளிப்பான்)

மற்ற இடங்களில், மிகுதியாகத் தாக்கப்பட்ட நுனிகளைக் கவாத்து செய்து, செடியடியில் போடாமல் பையில் கட்டி அகற்றுங்கள். எஞ்சியவற்றைத் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். அதற்கும் மிஞ்சினால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்தபின், பூச்சியுள்ள கணுக்களிலும் இலையடியிலும் மட்டும் படும்படி தெளியுங்கள். எறும்புப் புற்று அருகில் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். காவல் நீங்கினால்தான் பொறிவண்டு நெருங்க முடியும். நர்சரியிலிருந்து வரும் புதுச் செடிகளை வேலியோரம் நடுவதற்கு முன் சில நாள் தனியே வைத்து, கணுக்களைப் புரட்டிப் பாருங்கள்.