மாரத்தானிலிருந்து தனியாக நடந்த எம்.பி.

எல்லாருக்கும் வணக்கம்.

விளையாட்டில் பேர் வாங்கியவர்கள் அரசியலுக்கு வருவது நமக்குப் புதிதில்லை. அந்தப் பேரை ஓட்டாக மாற்றிக்கொள்கிறவர்கள்தான் அவர்களில் அதிகம். இன்றைக்கு நான் பேசப்போகிற கிரிகோரிஸ் லாம்பிராகிஸ் அந்த ரகம் இல்லை. கிரேக்க நாட்டு நீளம் தாண்டுதல் வீரர், மகப்பேறு மருத்துவர், நாடாளுமன்ற உறுப்பினர், 1963-ல் நடுத்தெருவில் அடித்துக் கொல்லப்பட்டவர். மைதானத்தில் பழகிய துணிச்சலை மைதானத்திலேயே விட்டுவிட்டு வராத மனிதர் என்பதால்தான் அவரைப் பற்றிப் பேச எனக்கு ஆசை.

1912-ல், பெலொப்பொனீஸ் பகுதியில் கெராசித்சா என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். ஏதென்ஸில் மருத்துவம் படித்தார், அப்படியே தாண்டவும் செய்தார். அக்கம்பக்கத்து பால்கன் நாடுகள் மோதும் பால்கன் போட்டிகளில் பதக்கங்கள் குவித்தார். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போனார், ஹிட்லர் மேடையில் உட்கார்ந்திருந்த, அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் தங்கம் அள்ளிய அதே ஒலிம்பிக்ஸ். அங்கே லாம்பிராகிஸுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அதே 1936-ல் அவர் தாண்டிய 7.37 மீட்டர் என்ற தேசியச் சாதனையை 1959 வரை ஒரு கிரேக்கராலும் தொட முடியவில்லை. 23 வருஷம்! சாதனை முறிந்தபோது அவருக்கு வயது 47.

அப்புறம் போர் வந்தது. 1941-ல் ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா மூன்றும் கிரீஸைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து செத்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு தாண்டுதல் வீரரால் பஞ்சத்துக்கு என்ன செய்ய முடியும்? 1943-ல் லாம்பிராகிஸ் விளையாட்டு வீரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார், தொடர்ந்து போட்டிகள் நடத்தினார், டிக்கெட் விற்ற காசைக் கஞ்சித் தொட்டிகளுக்குக் கொடுத்தார். எதிரிப் படை தெருவில் நிற்கும்போது, பட்டினி கிடந்த ஊரில், ஓடியும் தாண்டியும் காட்டி அந்தக் காசில் சோறு போட்டிருக்கிறார்கள். அவர் எம்.பி. ஆனது 1961-ல்தான், ஆனால் அவருடைய அரசியல் இங்கேயே தொடங்கிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

போர் முடிந்து மகப்பேறு மருத்துவரானார், பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். வெளியே நாடு இருந்த நிலை வேறு. 1949 வரை உள்நாட்டுப் போர், அது முடிந்த பிறகும் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, சிறைகளில் அரசியல் கைதிகள். அரசாங்க வேலை வேண்டுமா, பாஸ்போர்ட் வேண்டுமா, உன் கருத்துகள் 'சரியானவை' என்று போலீஸ் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் காலத்தில் இடதுசாரிகளோடு கைகோத்து, பிரேயஸ் துறைமுகத் தொகுதியில் நின்று ஜெயித்தார். இத்தனைக்கும் அவர் கம்யூனிஸ்ட் இல்லை. அணு ஆயுதம் வேண்டாம், கைதிகளை விடுதலை செய், இவைதான் அவர் ஓயாமல் கேட்டவை.

1963 ஏப்ரல் 21. மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு ஓர் அமைதி நடைப்பயணம் என்று அறிவித்திருந்தார்கள். அரசு தடை போட்டது. வந்தவர்களைப் போலீஸ் வழியிலேயே மடக்கிக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனது. லாம்பிராகிஸ் எம்.பி. என்பதால் அவரைத் தொட யோசித்தார்கள். சரி, யாரும் வர முடியாவிட்டால் என்ன என்று அவர் தனியாகக் கிளம்பிவிட்டார். அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். 51 வயது மனிதர், இரண்டு கைகளாலும் ஒரு துணிப் பதாகையைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்திருக்கிறார், அதில் அணு ஆயுத எதிர்ப்புச் சின்னம், 'எல்லாஸ்' என்று கிரேக்க மொழியில் நாட்டின் பெயர். சில நாள் முன்னால்தான் இங்கிலாந்தில் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத எதிர்ப்புப் பேரணியில் அதே பதாகையைப் பிடித்து நடந்திருந்தார். கடைசியில் சட்டப் பாதுகாப்பையும் பார்க்காமல் அவரையும் பிடித்தார்கள்.

ஒரு மாதம்தான். மே 22, தெசலோனிக்கி நகரம். அமைதிக் கூட்டத்துக்குப் பேசி வைத்திருந்த அரங்கம் கடைசி நேரத்தில் இல்லை என்றாகி, ஒரு சின்ன தொழிற்சங்க மண்டபத்துக்கு மாற்றினார்கள். வெளியே அடியாட்கள் கல்லெறிகிறார்கள், போலீஸ் வேடிக்கை பார்க்கிறது. உள்ளே வரும்போதே லாம்பிராகிஸ் தலையில் அடி வாங்கியிருந்தார். என்னைக் கொல்லத் திட்டம் இருக்கிறது, அதிகாரிகள் வந்து தடுக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். ஊருக்கே கேட்டது. ஒருவரும் அசையவில்லை. அதற்கப்புறமும் அந்த மனிதர் பின்வாசல் தேடவில்லை, பேசி முடித்து, தெருவில் இறங்கி நடந்தார். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்று வேகமாக வந்தது, ஓட்டியவன் கோட்சமானிஸ், பின்னால் இருந்த எம்மனூலிதிஸ் கட்டையால் தலையில் அடித்தான். வண்டி தப்பி ஓடியிருக்கும், 'புலி' என்று பட்டப்பெயர் கொண்ட மனோலிஸ் ஹட்ஸியபொஸ்தோலு ஓடும் வண்டியில் தாவி ஏறிச் சண்டை போட்டிருக்காவிட்டால். இத்தனை போலீஸ் நின்ற இடத்தில் ஒரு சாதாரண மனிதர் உயிரைப் பணயம் வைத்தார், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு பொங்குகிறது.

ஐந்து நாள் நினைவு திரும்பாமல் கிடந்து, மே 27-ல் இறந்தார். மறுநாள் ஏதென்ஸில் இறுதி ஊர்வலம், ஐந்து லட்சம் பேர் என்று சொல்வார்கள். சில நாட்களில் அவர் பெயரில் ஓர் இளைஞர் அமைப்பு பிறந்தது, தலைவர் இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோதொராக்கிஸ்.

சாலை விபத்து என்று மூடப் பார்த்தார்கள். கிறிஸ்தோஸ் சார்ட்ஸெடாகிஸ் என்ற இளம் விசாரணை நீதிபதி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, நெருக்கடிக்கெல்லாம் பணியாமல் போலீஸ் உயரதிகாரிகள் வரை வழக்கில் இழுத்தார். தீர்ப்பு 1966-ல் வந்தது. அடித்த இருவருக்கும் சிறை, அதிகாரிகள் விடுதலை! 1967 ஏப்ரல் 21 அன்று, அந்தத் தனி நடைப்பயணம் நடந்து சரியாக நான்கு வருஷத்தில், ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சார்ட்ஸெடாகிஸ் வேலை போய்ச் சிறைக்கும் போனார். ராணுவ ஆட்சி விழுந்தது, 1985-ல் அதே சார்ட்ஸெடாகிஸ் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார்.

உங்களில் மாரத்தான் ஓடுகிறவர்கள் இருப்பீர்கள். நவம்பரில் மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு அந்தப் பழைய பாதையில் நடக்கிற ஓட்டம் லாம்பிராகிஸ் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. போகிற வாய்ப்பு கிடைத்தால், கிளம்புவதற்கு முன்னால் அவர் பெயரைப் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். நன்றி.