கேசினோ தரும் ‘இலவச’ கப்பல் பயணம்: அசல் கணக்கு

(திரையில்: மியாமி துறைமுகம், வரிசையாக நிற்கும் கப்பல்கள்)

அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அடிக்கடி கப்பலில் சுற்றும், அறைக்குப் பத்து பைசா கொடுக்காது. கேட்டால் “கேசினோ ஆஃபர்” என்பார்கள். அது எப்படி வருகிறது?

ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கப்பல் கேசினோவில் (சூதாட்டக் கூடத்தில்) கப்பலில் தரும் உங்கள் கார்டைச் செருகி, ஸ்லாட் மெஷினில், அதாவது காசு போட்டுச் சுற்றவிடும் சூதாட்ட மெஷினில், ஆடினால் 5 டாலருக்கு 1 பாயின்ட். ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குள் 2,500 பாயின்ட் சேர்ந்தால் ‘பிரைம்’ நிலை உறுப்பினர் ஆகிவிடுவீர்கள், வருடத்துக்கு ஒரு இலவசப் பயணம், ஜன்னல் இல்லாத உள் அறையில்.

(திரையில்: 2,500 × 5 = 12,500 டாலர்)

பதற வேண்டாம், இது தோற்ற பணம் இல்லை, மெஷினில் சுற்றவிட்ட மொத்தப் பணம். 100 டாலரோடு உட்கார்ந்து, ஜெயித்ததையே திரும்பத் திரும்பப் போட்டாலும் ஒவ்வொரு சுற்றும் கணக்கில் ஏறும். ஆனால் மெஷின் நூற்றுக்கு 8 பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால் 12,500-க்கு 1,000 டாலர் போயே போச்சு, அந்தக் காசுக்கு உள் அறையை நேராகவே புக் பண்ணியிருக்கலாமே! மெஷினிலேயே சீட்டு ஆடும் வீடியோ போக்கரில் மெஷின் பிடிப்பது குறைவு என்பதால் அங்கே ஒரு பாயின்ட்டுக்கு 10 டாலர் ஆட வேண்டும். அவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

அப்புறம், கடைசி இரவில் கேசினோ கவுன்டரில் ஒரு சர்டிபிகேட் தருவார்கள், அந்தப் பயணத்தில் எடுத்த பாயின்ட்டைப் பொறுத்து அடுத்த பயணத்துக்கு இலவச அறையோ தள்ளுபடியோ. எந்தக் கப்பல், எந்தத் தேதி என்ற பட்டியலும் கூடவே இருக்கும். அது உங்கள் லீவோடு ஒத்துவராவிட்டால் அது வெறும் காகிதம்தான்.

சரி, ஆடாமலே கிடைக்குமா? கொஞ்சம் சுற்றுவழி உண்டு. சீசர்ஸ், எம்ஜிஎம் போன்ற லாஸ் வேகாஸ் கேசினோக்கள் தங்கள் மேல்நிலை உறுப்பினர்களுக்குக் கப்பல் சலுகை தருகின்றன. விண்டம் ஹோட்டலில் உங்களுக்கு இருக்கும் அந்தஸ்தை (உறுப்பினர் நிலையை) சீசர்ஸும், மேரியட் ஹோட்டல் அந்தஸ்தை எம்ஜிஎம்மும் ஏற்றுக்கொள்கின்றன. சூதாட்டத்தில் ஆசையே இல்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் இப்படி மாற்றி வாங்கிய அந்தஸ்துக்குச் சில சலுகைகள் கிடையாது, விதிகளும் அடிக்கடி மாறும், அதனால் கப்பலை நம்பி ஹோட்டலில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் அறை விலை மட்டும்தான் பூஜ்யம். வரியும் துறைமுகக் கட்டணமும் நம் தலையில்தான். டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் என்றாலே, இரண்டு பேர் 7 இரவு போனால் 252 டாலர். அதனால் புக் பண்ணும்போது கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள், அதே அறையைச் சாதாரணமாக வாங்கினால் என்ன விலை என்று பிரவுசரின் இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு.