அடையாற்றங்கரையில் ஒரு நாள்

[காட்சி: மறைமலை அடிகள் பாலம், காலை நெரிசல்]

குரல்: சைதாப்பேட்டைப் பாலத்தைத் தினமும் தாண்டுகிறோம், கீழே ஓடும் ஆற்றை யார் பார்க்கிறோம்? நாற்றம் வந்தால் கார் கண்ணாடியை ஏற்றிவிடுவோம், அவ்வளவுதான். சரி, இன்றைக்கு அந்த அடையாற்றோடு கடல் பக்கமாகப் போகலாம்.

இங்கே 1726-ல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டவரும் அவரே. கோட்டைப் பக்கமிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு முதல் தடை ஆறு, அடுத்தது ஏற்றம். மனிதர் இரண்டையும் தீர்த்துவைத்தார்! பழைய பாலம் போய்விட்டது. அதற்காக அவர் வைத்த கல்வெட்டு பிழைத்துக்கொண்டது.

[காட்சி: சின்னமலைக் குகை வாசல்]

குரல்: ஆற்றைத் தாண்டினால் சின்னமலை. இயேசுவின் சீடர் புனித தோமையார் ஒளிந்திருந்ததாக நம்பப்படும் குகை, 1551-ல் போர்த்துகீசியர் எழுப்பிய கோயில். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும்.

[காட்சி: பிராடி கோட்டையின் முகப்பு, பின்னணியில் வீணை]

குரல்: அப்புறம் வடகரையில், கிரீன்வேஸ் சாலையில் இந்த வீடு. என்னைக் கேட்டால், இதற்காகவே கிளம்பலாம். வாசலின் இருபுறமும் கோட்டைக் கொத்தளம் மாதிரி வட்ட கோபுரங்கள். ஆனால் இங்கே போரும் இல்லை, பீரங்கியும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 1790-களின் கடைசியில் தன் குடும்பத்துக்காகக் கட்டிய பங்களா இது. ஆற்றுக் காற்றுக்கு ஆசைப்பட்டுத்தான் வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தார்கள். பிராடிக்கோ அந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. சொந்த வியாபாரத்தில் சிக்கல் வந்து வீட்டை வாடகைக்கு விட்டார். சில ஆண்டுகளில் இதே அடையாற்றில் படகு கவிழ்ந்து இறந்தும் போனார்.

இப்போது இது அரசு இசைக் கல்லூரி. 1949-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் முதல் முதல்வர் கர்நாடக இசைப் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர். வகுப்பு நடக்கும் இடம், அனுமதி கேட்டு உள்ளே போங்கள்.

[காட்சி: தென்கரை, ஆலமர விழுதுகள்]

குரல்: எதிர்க்கரையில் பிரம்மஞான சபை, அதாவது தியோசாபிகல் சொசைட்டி. சபையை நிறுவிய பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882-ல் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம். பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் சாய்ந்தது. விழுதுகள்தான் மரத்தைத் தாங்குகின்றன. பார்வையாளர் நேரம் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது பறக்கும் ரயில். கஸ்தூர்பா நகரில் ஏறி, வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கோட்டூர்புரம் தாண்டியதும் ரயில் ஆற்றுக்கு மேலே போகும்.