கப்பலை இழுத்துப் போன இடம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்து வரைபடத்தில் டார்பர்ட் என்ற பெயர் பல இடங்களில் வரும். கிண்டயரில் ஒன்று, ஹாரிஸ் தீவில் ஒன்று, லோமண்ட் ஏரிக்கரையில் டார்பெட் என்று ஒன்று. எல்லாமே இரு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒடுங்கிய தரை. ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் அந்தச் சொல்லுக்குச் சுமந்து கடத்துவது என்று பொருள். சுற்றிப் போக நேரமாகும் என்று படகையே தரைமேல் இழுத்து அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1098இல் நார்வே மன்னர் மேக்னஸ், 'வெறுங்கால்' மேக்னஸ் என்பார்கள், ஸ்காட்லாந்து மன்னரோடு ஓர் ஒப்பந்தம் செய்தாராம். மேற்குக் கரையில் சுக்கான் மாட்டிய கப்பல் சுற்றிவரக்கூடிய தீவுகளெல்லாம் மேக்னஸுக்கு. கிண்டயர் தீவே இல்லை. கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம். ஆனால் நல்ல மண், விட மனசில்லை. கப்பலில் ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்கள் டார்பர்ட் தரைமேல் கப்பலை இழுத்தார்கள், ஏறக்குறைய ஒரு மைல். சுற்றி வந்தாயிற்று, கிண்டயரும் தீவுதான் என்றார்! ஐஸ்லாந்துக் கதைகள் இப்படிச் சொல்கின்றன. கதை எப்படியோ, இழுக்கிற வழக்கம் இருந்தது, பெயரே சாட்சி.

சரி, இந்தப் பெயர்களை எழுதிவைத்தது யார்? 19ஆம் நூற்றாண்டில் ஆர்டினன்ஸ் சர்வேகாரர்கள், அதாவது வரைபடம் போடும் பிரிட்டிஷ் அரசுத் துறைக்காரர்கள், ஊர் ஊராகப் போனார்கள். கையில் பெயர்ப் புத்தகம். ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் அது எழுதப்படும் விதங்கள், அதற்கடுத்து, எழுத்துக்கூட்டலுக்கு யார் பொறுப்பு என்பது. அங்கேதான் எனக்கு வருத்தம். நிலக்கிழார், பாதிரியார், பள்ளி ஆசிரியர் சொன்னால் எடுபடும். தினமும் அந்த மேட்டில் ஆடு மேய்க்கிறவர் சொன்னால் அவ்வளவு எடுபடாது. பெயரை வாயில் வைத்திருந்தவரோ அவர்தான்.

கேலிக் ஒலியை ஆங்கில எழுத்தில் அடைத்ததன் விளைவைப் பாருங்கள். கிங்யூசி என்றொரு ஊர். எழுத்தைப் பார்த்தால் 'கிங்', ஏதோ ராஜா என்று தோன்றும். ராஜாவுமில்லை, மந்திரியுமில்லை. பைன் காட்டின் தலைமாடு, அவ்வளவுதான்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் பண்டைக் காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்களைப் பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன். பிட்லாக்ரி, பிட்டன்வீம் என்று கிழக்கே வரும் 'பிட்' அவர்கள் சொல், நிலத்தில் ஒரு பங்கு என்று பொருள். அவர்கள் மொழி மறைந்து பல நூற்றாண்டாகிறது. பிட்டன்வீம் என்றால் குகை உள்ள பங்கு. குகை இன்றும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வணக்கம்.