ஆறாம் வகுப்புக்கு அப்புறம்? உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியின் கதை

(காட்சி: தஞ்சோங் பகார், மதிய உணவு நேரம்)

வணக்கம். இன்று சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் நின்றால், கழுத்தில் அட்டை மாட்டிய அலுவலகக் கூட்டம்தான் கண்ணில் படும். ஒரு காலத்தில் இங்கே துறைமுகத்தை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. அவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு வந்த இந்திய ஆண்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வந்தார்கள். கடையநல்லூர்க்காரர்களோ பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமே! 1941இல் தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

ஜப்பானியர் ஆட்சியில் பசியும் பயமுமாகக் கிடந்து, அப்போதுதான் மீண்டுகொண்டிருந்த ஊர் இது. அந்த நிலையிலும் உழைக்கும் மக்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

சரி, தொடக்கநிலை முடிந்தது. அப்புறம்?

(காட்சி: பழைய வகுப்பறைப் படம்)

காலனி ஆட்சியில் தமிழ்ப் பள்ளிகளைப் பெரும்பாலும் சமூக அமைப்புகளும் கோயில்களும் சங்கங்களும்தான் நடத்தின. தமிழில் படித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்போடு வழி அடைபட்டது. மேலே படிக்க ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அதற்கு வேண்டிய ஆங்கிலம் பலரிடம் இல்லை. இந்த அடைப்பை 1960இல் உமறுப்புலவர் பள்ளி திறந்துவிட்டது. அந்த ஆண்டு அது உயர்நிலைப்பள்ளி ஆனது. கணிதம், அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் தமிழிலேயே படிக்கலாம். சிங்கப்பூரில் இருந்த ஒரே தமிழ்வழி உயர்நிலைப்பள்ளி அதுதான்.

அப்படியிருந்தும் ஏன் மூடினார்கள்? பெற்றோருக்குத் தமிழ்ப் பற்று குறைந்துவிட்டது என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. சீனவழியில் படித்தவர்களுக்கு 1950களிலேயே நன்யாங் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அப்படி ஒரு பல்கலைக்கழகம் இங்கே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பெருகிய தொழிற்சாலை, வங்கி, அலுவலக வேலைகளும் ஆங்கிலத்தையே கேட்டன. ஆங்கிலப் பள்ளியிலேயே தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்க முடிந்தபோது, பெற்றோர் பிள்ளையின் பிழைப்பை நினைத்து முடிவெடுத்தார்கள். ஆறாம் வகுப்பில் இருந்த முட்டுச்சந்து பத்தாம் வகுப்புக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அதை உடைக்க ஒரு பள்ளியால் மட்டும் முடியுமா?

மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போய், 1982இல் பள்ளி மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளுமே ஆங்கிலவழிக்கு மாறின.

(காட்சி: பீட்டி சாலை, மாலை நேரம்)

பெயர் மட்டும் அழியவில்லை. 1983இல் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் தொடங்கியது. இப்போது பீட்டி சாலையில் இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலை மாணவர்கள், பள்ளி முடிந்ததும் புத்தகப்பையோடு நேராக இங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள்.

பழைய பள்ளியில் படித்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், வேதியியலையும் வடிவகணிதத்தையும் உங்கள் ஆசிரியர்கள் தமிழில் எப்படி நடத்தினார்கள் என்று கீழே எழுதுங்கள். வகுப்புப் படம், பள்ளி மலர் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த பகுதியை அவற்றை வைத்தே செய்ய ஆசைப்படுகிறோம்.